அத்திவாரம் வெட்டுமுன்: வீட்டுக்கான கட்டட அனுமதி பெறுதல்

வளவில் வளர்ந்த பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து, வேலியும் அடைத்தாயிற்று. அடுத்தது வீடு. தகரக் கொட்டிலுக்குள் ஒரு மாரியைக் கழித்த குடும்பத்திடம் "கொஞ்சம் பொறுங்கள், முதலில் சபையில் அனுமதி எடுங்கள்" என்று சொல்வது எங்களுக்கும் இலேசான காரியமல்ல. ஆனாலும் இந்தப் பாடத்தில் அதைத்தான் சொல்லப் போகிறோம். ஏன் என்பதை ஒரு குடும்பத்தின் அனுபவத்திலிருந்து தொடங்குவோம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு தாய். பழைய வீட்டில் மிஞ்சியிருந்தது அத்திவாரமும் இரண்டு படியும்தான். கல்லும் சீமெந்தும் மிச்சமாகும் என்று அந்தப் பழைய அத்திவாரத்தின் மேலேயே சுவர் எழுப்பினார். லின்டல் மட்டம் வந்தபோது சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து வேலையை நிறுத்தினார். அவர் இல்லாத காலத்தில் அந்த ஒழுங்கைக்கு வீதிக்கோடு குறிக்கப்பட்டிருந்தது. முன்சுவர் அந்தக் கோட்டைத் தாண்டி நான்கு அடி ஒழுங்கைப் பக்கமாக நின்றது. இடித்து, உள்ளே தள்ளித் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. வேலை நின்றதால் உதவித்தொகையின் அடுத்த கட்டக் கொடுப்பனவும் நின்றது. மேசனுக்குக் கூலி கொடுக்கத் தோட்டை அடைவு வைத்தார். இதில் பிழை அவருடையது மட்டுமல்ல. "அனுமதி எடுத்தீர்களா?" என்று நாங்களும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கட்டட அனுமதி என்பது கடதாசி வேலை என்றே பலரும் நினைக்கிறோம். கையில் ஒரே ஒரு வீட்டுக்கான பணம் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு, அந்தப் பணம் பிழையான இடத்தில் மண்ணுக்குள் போகாமல் காப்பது இந்த அனுமதிதான்.

எந்த அலுவலகம்?

பலர் முதல் நாளே கதவு மாறிப் போகிறார்கள். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. காணி, அனுமதிப்பத்திரம், கிராம அலுவலர், நிவாரணம் எல்லாம் பிரதேச செயலகத்தின் பொறுப்பு. கட்டட அனுமதி, வீதிக்கோடு, சோலைவரி ஆகியவை உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. உங்கள் இடம் எதற்குள் வருகிறதோ அதைப் பொறுத்து அது மாநகர சபையாகவோ நகர சபையாகவோ பிரதேச சபையாகவோ இருக்கும். பிரதேச சபைகளுக்கு உப அலுவலகங்கள் உண்டு. விண்ணப்பப்படிவத்தைப் பெரும்பாலும் அங்கேயே பெறலாம். தலைமை அலுவலகம் வரை பஸ்ஸுக்குச் செலவழிக்குமுன் கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கத் தேவையில்லை. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசங்களில், அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தக் கட்டட வேலையையும் தொடங்க முடியாது. அதற்கு முன்பே 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் நகர்ப்புறங்களுக்கு இதையே சொல்லியிருக்கிறது. உங்கள் வளவு எதற்குள் வருகிறது என்பதைச் சபையில் சொல்வார்கள். எந்தச் சட்டமானாலும் விண்ணப்பத்தைக் கொடுப்பது சபையில்தான். அனுமதியின்றிக் கட்டினால் நீதவான் நீதிமன்ற வழக்கு வரும். அது இடிக்கும் கட்டளையில் போய் முடியவும் கூடும்.

புதிய வீட்டுக்கு மட்டும்தான் அனுமதி என்று எண்ண வேண்டாம். அறை ஒன்றைக் கூட்டிக் கட்டினாலும், வீதியோரம் மதில் எழுப்பினாலும், இடிந்த சுவரைத் திரும்பக் கட்டிக் கூரை போட்டாலும் முதலில் சபையில் கேளுங்கள். ஓடு மாற்றுவது போன்ற சிறு திருத்தத்துக்கு அனுமதி தேவையில்லை என்று சபையே சொன்னால் நல்லது. அதை மேசன் சொல்லிக் கேட்க வேண்டாம்.

காணிப் பத்திரம்: அதிகம் தடங்கும் இடம்

விண்ணப்பத்துடன் காணி உங்களுடையது என்பதற்கான பத்திரம் கேட்பார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உறுதிக் காணியானால் உறுதியின் பிரதி வேண்டும். உறுதி ஓட்டத்தில் தொலைந்துவிட்டது என்று கைவிட வேண்டாம். நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நினைவிருந்தாலும் தேடலைத் தொடங்கலாம். பழைய வங்கிக் கடன் பத்திரம், அயற்காணியின் உறுதியில் உங்கள் காணி எல்லையாகக் குறிக்கப்பட்டிருப்பது, வெளிநாட்டிலுள்ள சகோதரரிடம் இருக்கும் மங்கிய நிழற்பிரதி எல்லாமே துப்புத்தான். போரில் எல்லாப் பதிவேடுகளும் தப்பவில்லை என்பதும் உண்மை. பதிவகத்தில் கிடைக்காவிட்டால் அங்கிருந்து அதை எழுத்தில் பெற்றுக்கொண்டு சட்ட உதவி நிலையத்தை நாடுங்கள்.

பேர்மிட் காணி என்று நாம் சொல்வது, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணி. அதன் விபரம் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் உள்ள பேரேட்டில் இருக்கும். பத்திரம் தொலைந்திருந்தால் அங்கிருந்து உறுதிப்படுத்தும் கடிதம் கேளுங்கள். பத்திரம் இறந்துபோன தகப்பன் பெயரில் இருந்தால், பின்னுரித்தாளர் யார் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் நால்வரில் வளவில் இருப்பவர்தான் உரியவர் என்று தானாக ஆகிவிடாது.

விண்ணப்பம் உறுதியில் உள்ளவரின் பெயரில் இருக்க வேண்டும். வடக்கில் பல வளவுகள் சீதன உறுதியில் மனைவியின் பெயரில் உள்ளன. கூட்டங்களுக்கு வருவது கணவர். படிவத்தை நிரப்புவதும் அவர். பெயரும் அவருடையதாகவே விழுந்துவிடுகிறது. காணி அம்மாவின் பெயரிலானால் விண்ணப்பதாரரும் அம்மாதான். கையொப்பமும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

உறுதி காணாமற்போன கணவரின் பெயரில் இருக்கும் வீடுகளும் இந்தப் பிரதேசங்களில் நிறைய உண்டு. அந்தச் சகோதரிகளுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் வேலை நடக்கும் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்க வேண்டியதில்லை. இறப்புகளைப் பதிவு செய்வதற்கான தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டது. அதன்படி, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதற்கே சான்றிதழ் பெறலாம். அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது உதவும். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியில் விசாரியுங்கள். எந்தச் சான்றிதழை எடுப்பது என்பது உங்கள் முடிவு. வீட்டு உதவிக்காக அந்த முடிவை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

காணி பிரிபடாப் பங்காக இருந்தால் மற்றப் பங்காளிகளின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படும். அவர்கள் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய சம்மதம் அல்லது அற்றோணித் தத்துவம் அனுப்பச் சொல்லுங்கள். "மாமா ரெலிபோனில் கட்டச் சொன்னவர்" என்பது எந்தக் கோவையிலும் ஏறாது. மாமாவின் மனம் மாறாமல் இருக்கலாம். மாமாவுக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. முடியுமானால் வீடு கட்டுமுன் நன்கொடை உறுதியாக முடித்துக்கொள்ளுங்கள்.

அயலவருடன் எல்லைத் தகராறு இருந்தால் அதை வைத்துக்கொண்டு கட்டத் தொடங்க வேண்டாம். கதியால் பட்டு வேலி அழிந்த வளவுகளில் எல்லை ஓரிரு அடி நகர்ந்திருப்பது சாதாரணம். நில அளவையாளரைக் கூப்பிட்டு, இரு பகுதியினரும் நிற்க அளந்து கல் போடுங்கள். ஒத்துவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

இன்னொன்று: கட்டட அனுமதி கிடைத்ததால் காணி உங்களுடையது ஆகிவிடாது. சோலைவரிப் பற்றுச்சீட்டும் அப்படியே. இரண்டும் உதவியான பத்திரங்கள். உறுதிக்குப் பதிலானவை அல்ல.

வரைபடம்

இரண்டு வரைபடங்கள் வேண்டும். ஒன்று காணியின் நில அளவை வரைபடம். மற்றது வீட்டின் கட்டட வரைபடம். இரண்டாவதில் அறைகளின் அமைப்பு, முகப்புத் தோற்றம், குறுக்குவெட்டுத் தோற்றம் ஆகியவற்றுடன், வளவுக்குள் வீடு எங்கே நிற்கிறது என்பதும் இருக்க வேண்டும். சபை ஏற்றுக்கொள்ளும் தகுதியுள்ள படவரைஞர்தான் இதை வரைய வேண்டும். பணம் பேசுமுன் "இவருடைய கையொப்பத்தை ஏற்பீர்களா?" என்று சபையில் கேளுங்கள். உதவித்திட்டத்தின் கீழ் கட்டுகிறீர்களானால் மாதிரி வரைபடம் இருக்கும். அதைச் சபை ஏற்றிருக்கிறதா, உங்கள் பெயருக்குத் தனியே அனுமதி வரவேண்டுமா என்பதை எங்கள் கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்க வேண்டும். நாங்கள் மறந்ததன் விலையை மேலே பார்த்தீர்கள்.

வரைபடக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வெட்கப்படாமல் படவரைஞரைப் பக்கத்தில் இருத்தி விளக்கச் சொல்லுங்கள். கலைப்பிரிவில் படித்த எனக்கும் வரைபடம் வாசிக்கப் பழக்கியது ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான். ஒரு பின்னேரத்துக்குள் பழகிவிடலாம். வடக்கு எது, வீதி எது, கிணறு எங்கே, மலக்குழி எங்கே, ஒவ்வோர் எல்லைக்கும் சுவருக்கும் இடையே எத்தனை அடி ஆகிய ஐந்தும் விளங்கினால் போதும்.

கிணறும் மலக்குழியும் பற்றிச் சற்று நின்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாம் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் மழைநீரை. அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் உண்டு. குழியில் விடுவது வடிபடாமலே கிணற்றுக்கு வந்துவிடும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி என்ற கணக்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைக் குறைந்த அளவாக எடுங்கள். உங்கள் நிலத்துக்கு எவ்வளவு வேண்டும், குழி எந்த வகையில் அமைய வேண்டும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சொல்வார். அயலவரின் கிணற்றுக்கும் இதே கணக்குத்தான். வேலிக்கு அப்பால் இருப்பதால் அது வரைபடத்தில் தப்பிவிடுகிறது. இரண்டு மூன்று பரப்புக்குள் மூன்று குடும்பமும் ஒரு பங்குக் கிணறும் உள்ள வளவுகளில் முதலில் குழியின் இடத்தைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு வீட்டை வரையுங்கள். வீட்டை வேண்டிய பக்கம் திருப்பலாம், கிணற்றைத் திருப்ப முடியாது.

அடுத்தது வீதிக்கோடு. சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், உங்கள் வளவின் முன்புறத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஏ-9 போன்ற பெரிய வீதியோரத்தில் இருந்தால் அந்த வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. அங்கும் கேட்க வேண்டியிருக்கும். பழைய அத்திவாரத்தில் கட்ட விரும்புபவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். அத்திவாரம் கோட்டுக்கு உள்ளே இருந்தாலும், குண்டு விழுந்த இடமா, வெடிப்பு உண்டா, மரவேர் புகுந்திருக்கிறதா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்த பிறகே அதை நம்புங்கள். தாத்தா கட்டிய அத்திவாரம் என்ற பாசம் சுவரைத் தாங்காது.

கடலோரக் குடும்பங்களுக்கு இன்னொரு படி உண்டு. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். விண்ணப்பம் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். காட்டோரக் கிராமங்களில் உங்கள் காணி வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் காட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் கொடுத்த பின்

கட்டணம் வீட்டின் பரப்பளவைப் பொறுத்தது. காசாளர் பீடத்தில் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் எவர் கையிலும் எதற்காகவும் பணம் கொடுக்க வேண்டாம். எங்கள் ஊழியர் கேட்டாலும் அப்படித்தான். கோவை இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் போய்க் கேட்கும்போது உங்கள் பெயரைவிட அந்த இலக்கம் வேகமாக வேலை செய்யும்.

தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வளவைப் பார்க்க வருவார்கள். அன்றைக்கு வீட்டில் ஒருவர் நிற்க வேண்டும். எல்லைக் கற்கள் தெரியும்படி புல்லை வெட்டி வையுங்கள். அவர்களின் அறிக்கையுடன் விண்ணப்பம் திட்டமிடல் குழுவுக்குப் போகும். குழு தினமும் கூடுவதில்லை. ஒரு பத்திரம் குறைந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் வரைபடத்தில் ஒரு திருத்தத்துடன் தீர்ந்துவிடும். பதிலே இல்லாமல் இழுபட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் கோவை எந்த நிலையில் உள்ளது என்று கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஆயினும் முதலில் நேரில் போய் மரியாதையாகக் கேட்பதே நல்லது.

கட்டும்போது

அனுமதி ஓராண்டுக்கே செல்லும். பணமில்லாமல் வேலை நின்றால், அந்த ஆண்டு முடியுமுன் நீடிப்புக் கேளுங்கள்.

அத்திவாரம் வெட்டுகையில் மண்ணில் சந்தேகமான பொருள் ஏதும் தெரிந்தால் மண்வெட்டியை அப்படியே விட்டு, வந்த வழியே திரும்பி வாருங்கள். மிதிவெடி அகற்றப்பட்ட காணி என்று கையளிக்கப்பட்டிருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்திப் பொலிஸுக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள்.

வரைபடத்தை மேசனிடம் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். "அக்கா, இன்னும் மூன்று அடி நீட்டினால் அறை வடிவாக வரும்" என்று அவர் நல்ல மனத்தோடுதான் சொல்வார். அந்த மூன்று அடி அனுமதியில் இல்லை, உதவித்தொகையிலும் இல்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டின் அளவு ஏறத்தாழ 550 சதுர அடி. அதே பணத்தில் பெரிதாகத் தொடங்கிய பல குடும்பங்கள் கூரை மட்டத்தில் கடனுக்குள் போயின. பிறகு கூட்டிக் கட்ட விரும்பினால், அந்த அறையையும் இப்போதே வரைபடத்தில் காட்டி அனுமதி பெறலாமா என்று படவரைஞரிடம் கேளுங்கள்.

வீடு முடிந்ததும் ஒரு படி பாக்கி இருக்கிறது. பால் காய்ச்சும் அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது அதைத்தான். சபைக்கு அறிவித்து அமைவுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். உத்தியோகத்தர் வந்து, கட்டியது அனுமதித்த வரைபடத்துக்கு அமைவாக உள்ளதா என்று பார்ப்பார். சட்டப்படி இந்தச் சான்றிதழ் கிடைத்த பிறகே குடிபுக வேண்டும். பின்னாளில் வங்கியில் வீட்டுக்கடன் கேட்கும்போதும், வீட்டை மகளுக்கு எழுதும்போதும் இதைத் தேடுவீர்கள். சான்றிதழைப் பெற்ற அன்றே சபையின் வரிப்பகுதிக்கும் போய், ஆதன இலக்கத்துக்கு நேரே இருப்பது யாருடைய பெயர் என்று பாருங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் அங்கே வாடகைக்கு இருந்தவரின் பெயர் இன்னமும் இருக்கலாம். இருந்தால் பெயர் மாற்ற விண்ணப்பத்தை அங்கேயே கேட்டு வாங்குங்கள்.